அலாட்மென்ட் ஆட்டம்

நான் இருக்கும் சாஸ்கட்சவான் மாகாணத்தில் கார்களுக்கு முன்பக்கம் நம்பர் பிளேட் கிடையாது. பின்பக்கம் மட்டும்தான். கனடாவுக்கு வந்த புதிதில் விசித்திரமாகப் பட்டவை எத்தனையோ இருந்தன. குளிர்காலத்தில் இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்கக் காரின் மூக்கிலிருந்து ஒயரை இழுத்துச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வைப்பது, பெயர்கூடத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு வருடக்கணக்கில் 'ஹாய்' சொல்லிக்கொண்டிருப்பது, மே மாதத்தில் பனி கொட்டுவது. எல்லாம் பழகிவிட்டன. இந்த ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. எதிரே வரும் வண்டி மொட்டை முகத்தோடு வருகிறது. நம்மைத் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்தால்தான் அதன் எண் தெரியும். "போலீஸ்காரனுக்கு இருக்க வேண்டிய கவலை உனக்கு எதுக்கு?" என்று என் கணவர் சிரிப்பார். மதுரைக்காரர். வண்டி எண்ணை வைத்து ஆடும் எங்கள் வீட்டு ஆட்டம் அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அதில் அவ்வளவாகச் சேர்ந்துகொண்டதில்லை.

ரெஜைனாவில் இருந்து சாஸ்கடூனுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். இரண்டரை மணி நேரமும் ஒரே காட்சிதான். கோடு போட்ட மாதிரி சாலை, இருபுறமும் அறுத்து முடித்த வயல், எங்கோ ஒரு தானியக் கிடங்கு. சாலையில் ஒரு டீக்கடை இல்லை, ஒரு ஆடு குறுக்கே வருவதில்லை, கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனது தானாகவே உள்ளே திரும்பிக்கொள்ளும். என் மனதுக்குள் திரும்பினால் போகிற இடம் எனக்குத் தெரியும் என்பதால், நான் அதைச் சும்மா விடுவதில்லை. என் மகன் ஜோயலுக்குக் காரில் டேப்லெட் பார்த்தால் வாந்தி வரும். அதனால் அவன் பேசக் கற்ற நாளிலிருந்து காரில் ஏறினால் எங்களுக்கு விளையாட்டுதான். அந்த விளையாட்டுக்கு அலாட்மென்ட் ஆட்டம் என்று பெயர்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பிரெண்டா என்று ஒரு தோழி இருக்கிறாள். ஒருமுறை சாப்பாட்டு வேளையில், நீண்ட பயணத்தில் பிள்ளையை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டாள். ஆட்டத்தை விளக்கினேன். கண்ணில் படும் வண்டியின் எண்ணைப் பார்க்க வேண்டும், அந்த எண்ணுக்குரிய இடத்தில் உனக்கு ஒரு வீடு ஒதுக்குவார்கள், எடுத்துக்கொள்கிறாயா வேண்டாமா என்று சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பிரெண்டாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கடைசியில் நிறைய வீடு வைத்திருப்பவர் ஜெயித்தவரா?" என்றாள். அப்படியில்லை, ஒருவருக்கு ஒரு வீடுதான், அதுவும் சொந்தமில்லை, ரிட்டயர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்கு இது ரொம்ப சோகமான ஆட்டம் இல்லையா?" எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதில்லை. நான் வளர்ந்த ஊரே அப்படித்தானே இருந்தது.

நெய்வேலி நகரியத்தில் பிறந்தவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். திருநெல்வேலியில் இருந்தும் தஞ்சாவூரில் இருந்தும் சேலத்தில் இருந்தும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். எண் போட்ட பிளாக்குகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள், வாசலில் மரம். எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எந்த பிளாக் என்றுதான் கேட்பார்கள். கொஞ்சம் பெரிய வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். முறை வந்ததும் ஒதுக்கிய வீட்டைக் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். அம்மாக்கள் அடுப்படியில் நின்று பார்ப்பார்கள், அப்பாக்கள் சைக்கிளை எங்கே வைப்பது என்று பார்ப்பார்கள். பிடித்தால் எடுத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருப்பது. எங்கள் வீட்டில் அப்பா எடுக்கலாம் என்பார், அம்மா வேண்டாம் என்பாள். இரண்டு முறை இப்படி நடந்து, மூன்றாவது முறைதான் நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டின் பின்பக்கம் அம்மா வைத்த பலா மரம் 'தானே' புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. அதற்கு மறு வருடம் அம்மா படுத்தாள்.

எனக்குக் கல்யாணமாகி நான் கனடா வந்து அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. கருப்பை வாயில் புற்று, நாள் தவறாமல் புதுச்சேரிக்குப் போய்ச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று அப்பா போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட கட்டின்னுதான் சொல்லிருக்கு, நீ வந்து உளறிடாத" என்றும் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு ஓடினேன். நம் ஊரில் நோயாளிக்கு மட்டும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும், மீன்காரம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் கட்டி. கதிர்வீச்சு என்கிற வார்த்தையைக்கூட யாரும் சொல்வதில்லை, கரண்ட் வைப்பது என்பார்கள். "ஊருக்கெல்லாம் கரண்ட் எடுத்துக் குடுக்கற ஊர்ல இருந்துட்டு, நான் கரண்ட் வச்சுக்க பாண்டிக்குப் போறேன் பாரு" என்று அம்மா வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள். வந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

எங்களுக்குக் கார் என்றால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. மற்றபடி சைக்கிள், அப்பாவின் ஸ்கூட்டர், பஸ். அந்த வாரங்களுக்கு மட்டும் ஒரு வாடகைக் கார் பேசியிருந்தார் அப்பா. ஓட்டியவர் வேலு அண்ணன், குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமம். வடலூர், குள்ளஞ்சாவடி, கடலூர் தாண்டிப் புதுச்சேரி. முன் சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் நானும். முதல் நாள் பயணம் இப்போதும் நினைவிருக்கிறது. நான்கு பேரில் மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம், நான்காவது ஆளுக்குத் தெரியக் கூடாத விஷயம், காருக்குள் எங்களோடு உட்கார்ந்து வந்தது. எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நின்றது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்று ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தினேன். மரங்களைப் பற்றிப் பேசலாம் என்று பார்த்தால், புயல் படுக்கவைத்த முந்திரித் தோப்புகள் வழியெல்லாம் கிடந்தன. அப்பா நைட் ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே வந்து ஏறுவார். ஏறியதும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். முப்பது வருடம் ஷிப்டு பார்த்த உடம்பு, உட்கார்ந்த இடத்தில் தூங்கும். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பொறுக்க முடியாமல் நான்தான் இந்த ஆட்டத்தை ஆரம்பித்தேன். எதிரே ஒரு லாரி வந்தது. அதன் கடைசி இரண்டு எண் பதினேழு. "அம்மா, உனக்குப் பதினேழாம் பிளாக்ல வீடு அலாட் ஆயிருக்கு. எடுத்துக்கறியா?" என்றேன். அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, "பதினேழா? அங்க யாரு இருக்கா எனக்குப் பேச்சுத்துணைக்கு? வேணாம்" என்றாள். அவ்வளவுதான், ஆட்டம் பிடித்துக்கொண்டது. முப்பது சொச்சம் பிளாக் என்பதால், அதற்கு மேல் எண் வந்தால் வீடு கிடையாது, மைன்ஸுக்குள் விழுந்துவிட்டது என்று கணக்கு. டூவீலர் செல்லாது. பஸ் வந்தால் இரண்டு பேருக்கு ஒரே வீடு, சண்டை போட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். அம்மா ஒரு வீட்டையும் எடுத்தபாடில்லை. இது கோயிலுக்குத் தூரம், இது பஸ் ஸ்டாப்புக்கு நடக்க வேண்டும், இந்த வரிசையில் ஒருத்தி இருக்கிறாள், அவள் கண்ணே சரியில்லை. நிஜத்தில் செய்ததையே ஆட்டத்திலும் செய்தாள். மறுக்க மறுக்க அவள் குரலில் பழைய தெம்பு வந்தது. கரண்ட் வைத்துவிட்டுத் திரும்பும்போது குமட்டலைத் தாங்கிக்கொண்டு, தலையை என் தோளில் வைத்தபடி கண்ணை மட்டும் ரோட்டில் வைத்திருப்பாள்.

வேலு அண்ணன் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். "எனக்கும் ஒண்ணு குடுங்கம்மா. நெசத்துலதான் கெடைக்கல" என்றார். அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், தம்பி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி, குவார்ட்டர்ஸ் கிடைக்காது. குவார்ட்டர்ஸ் வாசலில் மணிக்கணக்கில் காரை நிறுத்திக் காத்திருந்திருக்கிறாரே தவிர, ஒரு குவார்ட்டர்ஸுக்குள்ளும் கூடத்தைத் தாண்டிப் போனதில்லை. அம்மா வேண்டாம் என்று தள்ளியதை எல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். "ஏம்மா, மாடு கட்ட எடம் இருக்குமா அங்க?" என்பார். "பின்னாடி தோட்டத்துல கட்டிக்கோ வேலு. ஆனா எவனாவது கம்ப்ளைண்ட் பண்ணுவான்" என்று அம்மா சொல்வாள். "பண்ணிக்கினு போவட்டும். வூடு கெடச்சிடுச்சி இல்ல" என்று அவர் ஹாரனை அடிப்பார். அம்மா சிரிப்பாள். அப்பா முன் சீட்டில் அசையாமல் கிடப்பார்.

ஒரு நாள் அம்மா, "வேலு, இன்னிக்குப் பண்ருட்டி வழியா போயேன்" என்றாள். அது சுற்று வழி. மேல்பட்டாம்பாக்கம் அம்மாவின் பிறந்த ஊர், அந்த வழியில்தான் இருக்கிறது. மாமா வீட்டுத் தெரு முனையில் வேலு அண்ணன் தானாகவே வேகத்தைக் குறைத்தார். "இறங்கலாமாம்மா?" என்று கேட்டேன். அம்மா கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். "எதுக்கு? காபி குடுத்து, பழம் குடுத்து, போய்ட்டு வான்னு அனுப்புவாங்க. போலாம்" என்றாள். நெல்லிக்குப்பம் வரும்வரை ஆட்டம் ஆடவில்லை. எனக்கு அன்றைக்கு அது களைப்பு என்றுதான் பட்டது.

சிகிச்சை முடியப்போகும் சமயம். திரும்பி வரும்போது குள்ளஞ்சாவடியில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டன. பலாப்பழம் ஏற்றிய டெம்போ ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதன் எண் இரண்டு சைபரில் முடிந்தது. அம்மாவின் முறை. "சைபருக்கு பிளாக்கே இல்லியேம்மா, மைன்ஸா?" என்றார் வேலு அண்ணன். அம்மா தலையை என் தோளிலிருந்து நிமிர்த்தினாள்.

"ஏன் இல்ல? கல்லறைத் தோட்டம் இருக்கே" என்றாள்.

"அம்மா, அதெல்லாம் ஆட்டத்துல கிடையாது" என்றேன்.

"ஏன் கிடையாது? அதுவும் டவுன்ஷிப்லதான இருக்கு. எனக்கு வந்த வண்டி. நான் எடுத்துக்கறேன்."

வெளியே டெம்போக்காரனை நாலு பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா, எங்கள் யாரையும் பார்க்காமல், அந்தப் பலாப்பழங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. அங்க நான் சவரிமுத்து பொண்டாட்டி. பட்டாம்பாக்கத்துக்கும் வேணாம், அங்க நான் கட்டிக்குடுத்து அனுப்புன பொண்ணு. இங்கதான் என்னை லூர்துன்னு பேர் சொல்லிக் கூப்புடுவாங்க."

நாங்கள் ஒருவரும் அவளிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அவளும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்கள் மறைத்தது தனக்குத் தெரியும் என்பதை அவளும் எங்களிடமிருந்து மறைத்து, எங்களுக்குக் கஷ்டம் கொடுக்காமல் சொல்வதற்கு ஒரு வண்டி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தேன். தலை சாய்ந்து கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்லவேளை தூங்குகிறார் என்று நினைத்தேன். டெம்போ நகர்ந்தது. வேலு அண்ணன் கியரைப் போட்டார். வீடு வரும்வரை அம்மா நன்றாகத் தூங்கினாள். மறுநாள் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன். "எனக்குத்தான் அலாட் ஆயிடுச்சே, நீங்க ஆடுங்க" என்றாள்.

லீவு முடிந்து நான் திரும்பி வந்தேன். கொஞ்ச நாள் தேறினாள். போனில் சமையல் குறிப்பு சொன்னாள், நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்றதும் மாங்காய் கிடைக்குமா அந்த ஊரில் என்று கேட்டாள். பிறகு திரும்பவும் படுத்தாள். நான் விமானம் ஏறக் கூடாத மாதத்தில், ஒரு ஜனவரியில், அம்மா போய்விட்டாள்.

இங்கே வேலைக்குக் கிளம்பும் காலை, அங்கே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக என் கணவர் காரின் பிளக்கைப் பிடுங்கி, இன்ஜினைப் போட்டிருந்தார். உறைபனியில் கண்ணாடி முழுக்க வெள்ளை. வெளியே எதுவும் தெரியாத அந்தக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, போனில் எங்கள் வீட்டுக் கூடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டியின் இரைச்சல், ஜெபமாலை சொல்லும் குரல்கள், நாற்காலி இழுபடும் சத்தம். தெற்கே, அப்பாவின் ஊரிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் பேசியாகிவிட்டது, இரவே கிளம்பி ஊருக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"பெரியப்பா, அம்மாவை அங்க கொண்டுபோக வேண்டாம். நெய்வேலியிலயே இருக்கணும்னு அம்மாவே சொன்னாங்க."

"எப்பம்மா சொன்னா? யார்ட்ட சொன்னா?"

"கார்ல சொன்னாங்க. விளையாடும்போது."

சொல்லும்போதே எனக்கே தெரிந்தது, அது எவ்வளவு சொத்தையான பேச்சு என்று. அந்தப் பக்கம் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பெரியப்பா கெட்டவர் இல்லை. அவர் பொறுமையாகத்தான் பேசினார். "ஏட்டி, வெளையாட்டுல சொன்னதையெல்லாம் ஒரு பேச்சா எடுக்கச் சொல்லுதியா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. உங்கப்பன் இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆயிருவான். வீட்டக் காலி பண்ணிட்டு நம்ம ஊருக்குத்தான வரணும்? நீ அங்க கெடக்க. பொறவு இங்க அவளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த யாரு இருக்கா? அங்க நம்ம குடும்பத்துக் கல்லறை இருக்கு. நாளைக்கு உங்கப்பனும் பக்கத்துலயே இருப்பான்லா?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. கட்டிக்கொடுத்த மகள், வந்து முகம்பார்க்கக்கூட முடியாதவள், கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு காரில் ஆடிய விளையாட்டைச் சாட்சிக்கு இழுக்கிறாள். "நானும் கேட்டுக்கினுதான் சார் இருந்தேன்" என்று வாசல் பக்கமிருந்து வேலு அண்ணன் குரல் மெல்லக் கேட்டது. "நீ சும்மா இருப்பா, குடும்ப விஷயம்" என்றார் யாரோ.

அப்போதுதான் அப்பா பேசினார்.

"அவ சொன்னா" என்றார். "நான் தூங்கல."

ஜெபமாலை நின்றது.

"ஒரு நாளும் நான் கார்ல தூங்கல. தூங்குற மாதிரி கெடந்தாத்தான் அவ பாட்டுக்கு பேசுவா, சிரிப்பா. நான் முழிச்சிருந்தா என் மொகத்தப் பாத்துப் பாத்துப் பேச்ச நிறுத்திருவா. குள்ளஞ்சாவடியில சொன்னா. கேட்டேன். அவ வாழ்க்கையில நான் காட்டுன ஒரு வீட்டையும் மொத தடவையிலயே எடுத்துக்கறேன்னு சொன்னதில்ல. இத எடுத்துக்கறேன்னா." பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, ஆம்புலன்ஸ அனுப்பிருங்க."

கார்க் கண்ணாடியில் பனி உருகி ஓர் ஓரமாகத் தெரு தெரிய ஆரம்பித்தது. நான் வாய்விட்டு அழுதேன். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் வைப்பரைப் போட்டார். அம்மா கேட்ட இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்தவர் அப்பா. நாளைக்கு அவள் பக்கத்தில் படுக்கப் போகிற தன் இடத்தை விட்டுக் கொடுத்துத்தான் அதைக் கொடுத்தார் என்பது எனக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும், அப்பாவுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த ஊரில் இதையெல்லாம் எவ்வளவு சாதாரணமாகப் பேசிவிடுகிறார்கள் என்று பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பிரெண்டா தனக்கும் தன் கணவனுக்கும் இப்போதே கல்லறை வாங்கி வைத்துவிட்டாள். கல்லில் இருவர் பெயரும் பிறந்த வருடமும் வெட்டியாகிவிட்டது, மீதி பிறகு. போனில் படம் காட்டினாள். "நல்ல வியூ, பார்க்கிங்கும் பக்கத்தில்" என்றாள். "நீ எங்கே வாங்கியிருக்கிறாய்?" என்றாள், காய்கறி எங்கே வாங்குவாய் என்று கேட்கிற மாதிரி. எங்கள் பக்கம் அப்படி வாங்க மாட்டோம், பேசவும் மாட்டோம் என்றேன். "பிறகு எப்படித் தெரியும், அவர்களுக்கு எங்கே வேண்டும் என்று?" காரில் விளையாடும்போது சொல்வார்கள் என்று சொன்னால் இவளுக்கு என்ன புரியும்? தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்பா ரிட்டயர் ஆனார். சாவியைக் கொடுத்தார். கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தெற்கே பெரியப்பா வீட்டு மாடிக்குப் போனார். ஜோயலுக்கு ஆறு வயதானபோது அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் நெய்வேலிக்குப் போனால் வீட்டுக்குப் போவோம். இந்த முறை வடலூரில் லாட்ஜில் அறை போட்டோம். தெற்கேயிருந்து அப்பா இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தார், கையில் ஒரு மஞ்சள் பையோடு. வேலு அண்ணன்தான் கார் கொண்டுவந்தார். தலை நரைத்துவிட்டது. எங்கள் பழைய வீட்டு வழியாகப் போனோம். வேறு யாரோ இருக்கிறார்கள், கொடியில் அவர்கள் துணி. பலா நின்ற இடத்தில் வாழை வைத்திருக்கிறார்கள். யாரும் இறங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கல் நன்றாகத்தான் இருந்தது. யாரோ கழுவி, பூ வைத்திருந்தார்கள். எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த ஓர் அக்கா கல்லறைத் திருநாளுக்குத் தன் புருஷனைப் பார்க்க வரும்போது அம்மாவையும் பார்த்துவிட்டுப் போகிறாளாம். "லூர்துன்னு கூப்பிட்டுப் பேசிட்டுப் போவுதும்மா அது, நானே பாத்தேன்" என்றார் வேலு அண்ணன். அப்பா மஞ்சள் பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினார். பிறகு இடதும் வலதும் பார்த்தார். இரண்டு பக்கமும் புதிதாகக் கல் எழும்பியிருந்தது. "பக்கத்துல ஆள் வந்தாச்சு" என்றார். குரலில் குறையும் இல்லை, ஒன்றும் இல்லை. தகவல் சொல்வது போலச் சொன்னார். ஜோயல் கற்களின் மேலிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். தாத்தா இங்கே எந்த வீட்டில் இருந்தார் என்று கேட்டான். அப்பாவுக்கு எந்தப் பக்கம் கையைக் காட்டுவது என்று தெரியவில்லை.

நாங்கள் திரும்பி வந்தோம். அப்பா தெற்கே போனார். மாடியில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை பேசுகிறார், இங்கே எவ்வளவு பனி என்று கேட்கிறார், சொன்னால் அப்படியா என்கிறார். அவருக்கு அங்கே குறையில்லை. சுற்றிலும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஆனாலும் பேச்சுக்கு நடுவில், "உங்க அம்மா இருக்கற ஊர்ல மழையாம்" என்று டிவியில் பார்த்ததைச் சொல்வார். தன் ஊர் என்று அவர் இப்போது எதையும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவுக்காக சாஸ்கடூன் போய்க்கொண்டிருந்தோம். ஜோயல் ஆட்டத்தைத் தன் வசதிக்கு மாற்றிவிட்டான். இங்கே எண் தெரிகிற வண்டிகள் குறைவு, பிளாக்கும் அவனுக்குத் தெரியாது. ஆகவே, அவன் பார்த்த ஊர்களில் பத்தை எடுத்து சைபரிலிருந்து ஒன்பதுவரை எண் போட்டிருக்கிறான். ரெஜைனா, சாஸ்கடூன், மூஸ்ஜா, டேவிட்சன் என்று போகும் அந்தப் பத்தில் நெய்வேலியும் ஒன்று. எங்களைத் தாண்டிப் போகிற வண்டியின் கடைசி எண்ணுக்கு எந்த ஊரோ அந்த ஊரில் வீடு. என் கணவருக்கு மூஸ்ஜா வந்தது, உடனே எடுத்துக்கொண்டார், ஆட்டத்திலிருந்து தப்பித்தார். ஜோயலுக்கு சாஸ்கடூன். குதித்து எடுத்துக்கொண்டான். பிறகு என் முறை. கோதுமை ஏற்றிய பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து முன்னால் போனது.

"அம்மா, உனக்கு நெய்வேலி வந்திருக்கு!" என்று கத்தினான். "எடுத்துக்கறியா, வேணாமா?"

"நீயும் என்கூட வருவியா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு வீடுதான், அது நான் சொல்லிக் கொடுத்த விதிதான்.

"எனக்கு சாஸ்கடூன்ல வீடு இருக்கேம்மா" என்றான். "ஆனா லீவுக்கு வர்றேன். ப்ராமிஸ்."

அம்மாவைப் போல எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. "சொல்லும்மா, அடுத்த கார் வருது" என்று ஜோயல் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், பின்னால் வந்த காருக்கு வழிவிட்டு ஓரமாக மெதுவாக ஓட்டினார்.